எனக்கே திறக்காத பெட்டி

போன மாதம் ஒரு காலை. காப்பியும் கையுமாக உட்கார்ந்து ஈமெயிலைத் திறக்கிறேன். வரிசை கட்டி நிற்கின்றன விளம்பரங்கள். முழங்கால் வலிக்குத் தைலம். மணப்பெண் அலங்காரம், மெகந்தியோடு சேர்த்து ஒரே விலை. ஆழ்கடல் மீன்பிடிக்கத் தூண்டில். அதற்கும் கீழே, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பால்மாவு – முன்கூட்டியே பதிந்தால் விலைக் கழிவு!

விளம்பரக்காரர்கள் கண்ணில் நான் யார், புரிகிறதா? முழங்கால் வலியோடு மெகந்தி போட்டுக்கொண்டு, நடுக்கடலில் தூண்டில் வீசிக்கொண்டிருக்கும் நிறைமாத கர்ப்பிணி.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது, ஐயா. மீனை நான் பசாரில் மட்டும்தான் பிடிப்பேன்.

விளம்பரக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் எங்கள் குடும்பப் பழக்கம் செய்த வேலை. ஒரு காலத்தில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். எங்கள் சொந்தத்திலேயே முதலில் ஈமெயில் வைத்திருந்த ஆள் நான்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. வீட்டில், சந்தில், கோயிலில் யார் எதற்குப் பதிந்தாலும், ‘ஈமெயில்?’ என்று கேட்கும் இடத்தில் என்னுடையதைப் போட்டுவிடுவார்கள். என்னிடம் கேட்பதெல்லாம் கிடையாது. டெலிபோன் இல்லாத நாளில் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்தோமே, அதே தைரியம்தான்.

நாத்தனாரின் முழங்கால் என் பெட்டிக்கு வந்தது அப்படித்தான். ஒன்றுவிட்ட தம்பி மகளின் கல்யாணமும், மச்சானின் தூண்டிலும், எதிர்வீட்டு மருமகளின் பிரசவமும் அதே வழியாகத்தான் வந்தன. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு பலி ஆடு இருக்கும். இல்லையென்றால்... அது நீங்களாகத்தான் இருக்கும்.

இந்தப் பட்டியலில் முக்கியமான ஒருவர் பிலோமினா அக்கா. எங்கள் சந்து முனையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருப்பவர். ரவிக்கை தைப்பார், பேண்ட் சுருக்குவார். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு மனு போட்டுவிட்டு அவர் காத்திருக்க ஆரம்பித்தபோது என் தலைமுடி முழுக்கக் கறுப்பு. அந்த மனுவிலும் என் ஈமெயில்தான்.

“எனக்கு ஈமெயில் எதுக்கு ஸ்டெல்லா? உன்னோடதுதான் இருக்கேலா” என்பார்.

இப்போது அந்தக் கடைவீட்டை முதலாளி விற்றுவிட்டார். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு விற்றால் என்ன ஆகும்? சுவரைச் சுரண்டி, செங்கல்லை வெளியே காட்டி, மஞ்சள் பல்பு தொங்கவிட்டு ‘பூட்டிக் ஹோட்டல்’ ஆகும். அக்காவின் தையல் மிஷின் இருக்கும் இடத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் குளிக்கும் தொட்டி வரப்போகிறதாம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதற்குள் வீடு கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் மிஷினை எங்கே தூக்கிக்கொண்டு போவது? அக்கா தினமும் சாயந்திரம் என் வாசலுக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

“ஏதாச்சும் வந்துச்சா?”

நிற்க. விளம்பரத்துக்கு வருவோம்.

பால்மாவு விளம்பரத்தைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். இந்த இலவச ஈமெயில் இனி வேண்டாம். பிரைவேட் ஈமெயில் என்று இருக்கிறதாமே, காசு கட்டினால் விளம்பரம் கிடையாதாம், வேறு யாரும் படிக்க முடியாதாம், அதற்கு மாறிவிடுவோம்.

என் கணவர் சேவியரிடம் சொன்னேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

சேவியர் வேலை பார்த்த காலமெல்லாம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங். ரிட்டயர்மெண்ட் ஃபேக்டரிக்குத்தான், செக்கிங்குக்கு இல்லை. பாலிக் புலாவுக்கு டுரியான் வாங்கப் போனால், ஒவ்வொரு பழத்தையும் காதருகே வைத்து ஆட்டுவார், காம்பை முகர்வார், திருப்பி வைப்பார், மறுபடி எடுப்பார். ஒரு தடவை கடைக்காரர் பொறுமை போய், “அங்கிள், நீங்க வாங்கவே வேணாம், சும்மா ஒண்ணு தின்னுட்டுப் போங்க” என்று வெட்டியே கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு சீலிங் ஃபேன் வேண்டும் என்று நான் சொன்னது கடுமையான வெயில் காலத்தில். “சரி” என்றார். ஃபேன் வந்தபோது மழைக்காலம்.

இவரிடம் போய் ஈமெயில் கம்பெனி தேடச் சொன்னால்?

“பொறு. அவசரப்படாதே. கடுதாசியெல்லாம் போய்ச் சேர்ற எடம். பார்த்துத்தான் செய்யணும்” என்றார்.

பார்க்க ஆரம்பித்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கென்று தனி ஈமெயில் கிடையாது. என்னுடைய பழைய பெட்டியிலிருந்தே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கேள்வி எழுதினார். என்ன கேள்வி தெரியுமா?

“நான் செத்துப்போனால் என் மெயில்கள் என்ன ஆகும்?”

தலையில் அடித்துக்கொண்டேன். “ஏங்க, வெள்ளனே எந்திரிச்சு இதைத்தான் கேப்பாங்களா? விலை கேளுங்க, எடம் எவ்வளவுன்னு கேளுங்க!”

“விலைதான் அவங்களே போட்டிருக்காங்களே. சிக்கலான கேள்வி கேட்டாத்தான் உள்ள ஆள் இருக்கா, இல்லையான்னு தெரியும்” என்றார் செக்கிங் அதிகாரி.

ஒரு கம்பெனி கண் இமைப்பதற்குள் பதில் போட்டது. ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி! இன்றே பிரீமியம் திட்டத்துக்கு மாறி மேலும் பல வசதிகளை அனுபவியுங்கள்!’ செத்த பிறகு பிரீமியமா? சேவியர் அதைக் கழித்துவிட்டார். இன்னொன்று பதிலே போடவில்லை. அதையும் கழித்தார். மூன்றாவதின் பதிலுக்குக் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை. எனக்கு? மெகந்தி விளம்பரத்தோடு இப்போது வளைகாப்பு மண்டப விளம்பரமும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் அவர் மதியத் தூக்கம் போட்ட நேரம் பார்த்து நானே தேடினேன். கண்டுபிடித்தும் விட்டேன். அட, என்ன அழகான பக்கம்! பனிமலை, அதன் மேல் ஒரு பூட்டு, பக்கத்தில் ‘உங்கள் கடிதத்தை எங்களாலும் படிக்க முடியாது’ என்ற வாசகம். கீழே சிவப்பு எழுத்தில் ‘இன்று மட்டும் பாதி விலை’. அதற்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் விநாடி விநாடியாகக் குறைந்துகொண்டே வருகிறது. கடிகாரம் ஓடினால் என் விரலும் ஓடும். தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் சேலைக்குக் கையை விட்டு இழுப்போமே, அதே ஆவேசத்தில் சேர்ந்துவிட்டேன்.

(மறுநாளும் எட்டிப் பார்த்தேன். ‘இன்று மட்டும்’ என்றுதான் இருந்தது. அதற்கும் மறுநாள்... சரி, விடுங்கள்.)

சேரும்போது பாஸ்வேர்டு கேட்டது. பெரிய எழுத்து வேண்டுமாம், சிறிய எழுத்து வேண்டுமாம், எண் வேண்டுமாம், நட்சத்திரக் குறி வேண்டுமாம். நான் போட்டதையெல்லாம் ‘பலவீனம்’ என்று திருப்பி அனுப்பியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் எதையோ தட்டினேன். ‘மிக வலிமை!’ என்று பச்சை விளக்கு எரிந்தது. மனதில் நிற்கும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு வரிசைச் சொற்களைக் காட்டியது. குதிரை, ஜன்னல், எலுமிச்சை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள். பாஸ்வேர்டு மறந்தால் இவற்றை வைத்துத்தான் திறக்க முடியுமாம். இவையும் தொலைந்தால் கடவுள்தான் துணையாம். ‘பத்திரமான இடத்தில் வைக்கவும்’ என்றது.

பத்திரமான இடமா? எனக்கா சொல்லித் தர வேண்டும்? கப்பல் கம்பெனியில் நான் கற்ற முதல் பாடமே அதுதான். முக்கியமானது எதுவென்றாலும் உனக்கே ஒரு காப்பி மெயில் போட்டுக்கொள். கப்பல் கவிழ்ந்தாலும் காகிதம் கவிழாது என்பார் எங்கள் மேனேஜர். பழைய பெட்டியை நம்ப முடியாது, அது சந்தி சிரிக்கும் பெட்டி. ஆகவே அந்தச் சொற்களை அப்படியே நகலெடுத்து, பத்திரமாக... புதுப் பெட்டிக்கே மெயில் போட்டு வைத்தேன்.

சிரிக்கிறீர்களா? அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. பெருமைப்பட்டேன்.

சேவியர் எழுந்து வந்ததும் கைப்பேசியை நீட்டினேன். “பாருங்க. நீங்க ரெண்டு வாரமா டுரியான் தட்டுறீங்க, நான் ஒரே மத்தியானத்துல வாங்கிட்டேன்!”

வாங்கிப் பார்த்தார். “உள்ள ஆள் இருக்காங்களா?”

“ஆள் எதுக்கு? நானும் என் மெயிலும் போதும். நீங்க ஒரு உதவி பண்ணுங்க. அந்தப் பழைய பெட்டியை மூடிடுங்க. பிலோமினா அக்காவோட ஹவுசிங் ஆபீஸ்லயும் என் புது ஈமெயிலுக்கு மாத்திடுங்க.”

“சரி” என்றார்.

அடுத்த சில நாள் ராஜ வாழ்க்கை. முழங்கால் இல்லை, மெகந்தி இல்லை, பால்மாவு இல்லை. பெட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அக்காவிடமும் போய், “இனிமே உங்க விஷயமெல்லாம் பனிமலையில பூட்டி வச்ச மாதிரிக்கா” என்று அளந்துவிட்டு வந்தேன். “பூட்டு நல்லா இருந்தா சரிலா” என்றார் பாவம்.

பிறகுதான் மீன் வாங்கப் போனேன்.

பசாரில் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்காகக் குனிந்தேன். பையின் ஓரத்திலிருந்த கைப்பேசி வழுக்கிக்கொண்டு ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தது. மீன்காரர் அதைத் துழாவியெடுத்து, தண்ணீரை உதறி, நிறுக்கத் தராசில் வைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் போன் பேசவில்லை.

புதுப் போன் வாங்கியாயிற்று. பனிமலைப் பெட்டியைத் திறக்கிறேன். ‘பாஸ்வேர்டு?’ என்றது.

யோசித்தேன். பிள்ளைகள் பெயரைப் போட்டேன். இல்லை. கல்யாண நாளைப் போட்டேன். இல்லை. எனக்குத் தெரிந்த புனிதர்கள், அர்ச்சியசிஷ்டர்கள் பெயரையெல்லாம் ஒருவர் விடாமல் போட்டுப் பார்த்தேன், நட்சத்திரக் குறியோடு. கடைசியில், ‘பலமுறை தவறாக முயன்றுவிட்டீர்கள். தயவுசெய்து பொறுமை காக்கவும்’ என்றது. வீட்டில் ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பது போதாதா? இது வேறா?

அந்தச் சொற்களைக் கேட்டது. குதிரை நினைவிருந்தது, எலுமிச்சை நினைவிருந்தது. மற்றதெல்லாம் எங்கே? உள்ளே. பத்திரமாக. சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர்களுடைய இணையப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதில் கெஞ்சினேன். நாள் முழுக்கக் காக்க வைத்துவிட்டு ஒரு பதில் வந்தது. ‘உங்கள் தனிமை எங்களுக்கு மிக முக்கியம். அந்தச் சொற்கள் இல்லாமல் எங்களாலும் திறக்க இயலாது. கவலை வேண்டாம், உங்கள் கடிதங்கள் மிகவும் பாதுகாப்பாக உள்ளன.’

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடமிருந்துதானே பாதுகாப்பு!

சேவியரிடம் சொல்லலாமா? டுரியான் பேச்சு பேசிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

சாயந்திரம் அக்கா வந்தார். “ஏதாச்சும் வந்துச்சா?”

“லைன் சரியில்லக்கா. நாளைக்குப் பார்க்கிறேன்.”

மறுநாளும் வந்தார். மறுநாளும் லைன் சரியில்லை. இப்படியே லைனைச் சாகடித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடப் பழக்கம் எனக்கும் அக்காவுக்கும். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது மீன் முள் தொண்டையில் நிற்பதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபத்துக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“ஸ்டெல்லா! ஹவுசிங் ஆபீசுக்குப் போன் போட்டேன்லா! வீடு வந்திருச்சாம்! ஈமெயில் போட்டுட்டாங்களாம்! வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும்னு பதில் அமுக்கணுமாம், இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிருமாம். தெற, தெற! பார்ப்போம்!”

சேலை மடிப்பை அவசரமாகச் செருகினேன். “கோயிலுக்கு நேரமாச்சுக்கா. வந்து நிதானமாப் பார்ப்போம்” என்றேன். நிதானத்தைப் பற்றி நான் பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்!

கோயிலில் அக்கா என் பக்கத்திலேயே முட்டி போட்டார். காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துக் கொடுப்பவர் அந்தோணியார் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே நம்பிக்கை. சாவி, மோதிரம், பாஸ்போர்ட் என்று எதுவானாலும் அவரிடம்தான் கேட்போம். பாஸ்வேர்டு அவர் இலாகாவில் வருமா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்டேன். அக்காவோ கண்ணை மூடிக்கொண்டு, கண்ணீர் வழிய, வீடு கொடுத்ததற்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டு வாங்கும் ஜெபம் அவருக்கு முடிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெட்டியைவிட நான்தான் இறுக்கமாகப் பூட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அதற்குப் பிறகாவது சொன்னேனா? இல்லையே! திரும்பி வரும் வழியில் தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன். புதன்கிழமை ஹவுசிங் ஆபீசுக்கு நானே தனியாகப் போனேன். நம்பர் எடுத்து, காத்திருந்து, கவுண்டரில் இருந்த பெண்ணிடம், ஈமெயிலுக்குப் பதில் நேரிலேயே சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் தன்மையாகத்தான் பேசியது. நேரில் என்றால் மனுதாரர் வர வேண்டும், ஈமெயில் மாற்ற வேறு மனு போட வேண்டும், அது முடிய நாளாகும் என்றது. அக்காவைக் கூட்டி வந்தால் என் பொய் வெளியே வந்துவிடுமே!

பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆண்ட்டி, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? மெயிலைத் தெறந்து ஒரு பட்டனை அமுக்குனாப் போதும்லா. ரொம்ப ஈசி” என்றது.

ரொம்ப ஈசி. பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை மதியம். சேவியர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா தன் வீட்டில் துணிகளை அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இனியும் தாங்காது. ரசத்தை ஊற்றும் சாக்கில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோபத்தில் போட்ட பாஸ்வேர்டு, ஐஸ் தொட்டி, குதிரை, எலுமிச்சை, உள்ளே போன சாவி, நாளையோடு முடியும் கெடு – ஒன்று விடவில்லை.

சேவியர் கையை உதறவில்லை, கத்தவில்லை. ரசத்தை முடித்தார். மோருக்குப் போனார்.

“என்னங்க, நான் என்ன சொல்லிட்டிருக்கேன்!”

“கேட்டுட்டுத்தான் இருக்கேன்” என்றார். முகத்தில் ஏதோ திருட்டுக் களை. “நான் ஒண்ணு சொல்வேன். நீ கத்தக்கூடாது.”

“கத்த மாட்டேன்.”

“பழைய பெட்டியை நான் இன்னும் மூடல.”

“என்ன?!” என்று கத்தினேன்.

“பார்த்தியா?” என்றார் வருத்தமாக. “அந்த மூணாவது கம்பெனிக்காரன் பதில் அதுலதானே வரணும்? எப்படி மூடுறது? ஃபேக்டரியிலயும் அப்படித்தான். புது லைன் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்காம பழைய லைனை நிப்பாட்ட மாட்டோம். அக்காவோட ஈமெயிலையும் அதான் மாத்தல. நீ கேட்டா திட்டுவியேன்னுதான் சொல்லல.”

ஆக, இதே வீட்டில் ஒருவர் மூடாததை மறைத்துக்கொண்டிருந்தார், ஒருவர் திறக்காததை மறைத்துக்கொண்டிருந்தார். நடுவில் பாவம் ஒரு வீடு மாட்டிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரிடம் ஓடினேன். அவர் கை கழுவிவிட்டு, துடைத்துக்கொண்டு, நிதானமாக வந்தார். பழைய பெட்டி திறந்தது. முழங்கால் தைலம், தூண்டில், மெகந்தி, அதற்கு நடுவே ஹவுசிங் ஆபீஸ் பெயரோடு தடித்த எழுத்தில், இன்னும் யாரும் திறக்காமல்... இருந்தது! பிலோமினா அக்காவின் பெயர் அதன் தலைப்பிலேயே இருந்தது.

சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் மறுபக்கம். “ஏங்க! நீங்க தினம் இதுக்குள்ள வந்து போறீங்க! இது கண்ணுல படலையா?”

“பட்டுச்சு.”

“பட்டுச்சா! தெறந்து பார்த்திருக்கலாமே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

சேவியர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அக்கா பேர் போட்டு வந்திருக்கு. உன் பெட்டியில இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்குவீங்கன்னு விட்டுட்டேன். அடுத்தவங்க கடுதாசியை நான் எதுக்குப் படிக்கணும்?”

இத்தனை வருடமாக என் பாஸ்வேர்டு இந்த மனிதருக்குத் தெரியும். நாத்தனார் என்னிடம் இவரைப் பற்றி எழுதியதெல்லாம்கூட அதில்தான் கிடக்கிறது. ஒரு கடிதத்தைக்கூடத் திறந்ததில்லை! பனிமலை, பூட்டு, பாதி விலை என்று நான் எங்கெங்கோ தேடிய பிரைவேட் ஈமெயில் சர்வீஸ், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் வீட்டிலேயே மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டோம். கழுத்தில் அளவு டேப்பு தொங்க, வாயில் கடித்த நூலோடு வந்தார். முதலில் நடந்ததைச் சொன்னேன். லைன் சரியில்லை என்றது பொய் என்றும் சொன்னேன். அக்கா திரையை உற்றுப் பார்த்தார். பட்டனை நான் அமுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

“நான் அமுக்கறேன்லா. இதுக்குத்தானே இத்தனை வருசம் உட்கார்ந்திருந்தேன்.”

அமுக்கினார். ‘உங்கள் பதில் பெறப்பட்டது’ என்று வந்தது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் உட்கார்ந்து அழுதேன். சேவியர் என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனைக் கூட்டி வைத்தார். நல்ல ஃபேன் அது, சத்தமே வராது.

வீடு பட்டர்வொர்த் பக்கம், ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல், கடலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு ஃபேரி ஏறி வந்துவிடுவாராம். “ஃபேரிக்கு நின்னு பழக்கம்தான்” என்கிறார். இனி சாயந்திரம் வாசலில் ‘ஏதாச்சும் வந்துச்சா’ என்று கேட்க ஆள் இருக்காது. அதை நினைத்தால் எனக்கு இப்போதே என்னவோ போல் இருக்கிறது.

சேவியரின் மூன்றாவது கம்பெனியும் கடைசியில் பதில் போட்டுவிட்டது. எங்கோ குளிர் தேசத்திலிருந்து யாரோ ஒரு பெண்மணி, பெயர் போட்டுக் கையெழுத்திட்டு, நிதானமாக எழுதியிருந்தார். ‘உங்கள் கேள்வியை எங்கள் குழுவில் பேசினோம், அதனால்தான் தாமதம். நீங்கள் நம்பும் ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம். பாஸ்வேர்டு மறந்தாலும் அவர் உதவ முடியும். எழுதிவைக்கும் சொற்களை எங்கள் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள். உங்கள் கேள்வியில் வந்த அந்த நாள் உங்களுக்கு வெகுதூரத்தில் இருக்க வாழ்த்துகள்.’

‘பலர் அப்படிச் செய்கிறார்கள்’ என்ற வரியைச் சேவியர் சத்தமாக, இரண்டு தடவை படித்துக் காட்டினார். உள்ளே ஆள் இருக்கிறதாம். தேர்வாகிவிட்டது. ஆனால் பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்தே ஓடுமாம். இன்று காலைகூட மூன்று பால்மாவு விளம்பரம் வந்தது, பொறுமையாக அழித்தேன். அவர்கள் கணக்குப்படி எனக்கு இரட்டைக் குழந்தை.

வீடு மாறுவதற்கு முன்னால் அக்கா விடைபெற வந்தார். எனக்கு ஒரு ரவிக்கை தைத்து எடுத்து வந்திருந்தார், காசு வாங்க மாட்டேன் என்றார். வாசலில் செருப்பை மாட்டியபடியே தயங்கினார்.

“ஸ்டெல்லா, அங்க போனா எனக்குன்னு ஒரு ஈமெயில் வேணும்லா.”

“இப்பவே தெறந்து தர்றேன்க்கா! ரெண்டே நிமிசம்!” என்று போனை எடுத்தேன்.

“நீ வேணாம்” என்றார் அக்கா அவசரமாக. “சேவியர் பார்த்துச் செய்யட்டும்.”

உள்ளேயிருந்து சேவியர் “சரி” என்றார். வருகிற கிறிஸ்துமஸுக்குள் – எந்த வருடம் என்று கேட்காதீர்கள் – அக்காவுக்கு உலகத்திலேயே சிறந்த ஈமெயில் கிடைத்துவிடும்.